முதலில் கடையா, கோயிலா?



அண்மையில் ஒரு மாலைப் பொழுதில் என் பேத்தி ஒரு தாளைக் கொண்டுவந்து என்முன் வைத்தாள். எங்கள் மேல்மலையனூரிலிருந்தும் சுற்றியுள்ள சிற்றூர்களிலிருந்தும் ஏழெட்டுக் குடும்பத்துப் பெண்கள் ஒன்றுகூடி, ஒரே நாளில் காஞ்சிபுரம் சென்று திரும்புவதென்று முடிவு செய்திருந்தனர். புறப்படும் நேரம், உண்ணும் இடம், பார்க்க வேண்டிய கோயில்கள் யாவும் அத்தாளில் ஒழுங்காக எழுதப்பட்டிருந்தன. "திட்டம் சரிதானா பாட்டி?" என்று கேட்டாள். ஆசிரியப் பயிற்சி பெற்று நெடுங்காலம் விடைத்தாள் திருத்திய கை அல்லவா! பழக்கம் விடவில்லை, வரி வரியாகப் படித்தேன்.

"பட்டுக்கடை: காலை 10 மணி முதல் 2 மணி வரை" என்று ஒரு வரி. அதற்குக் கீழே, "திருப்பருத்திக்குன்றம்: நேரமிருந்தால்" என்று மற்றொரு வரி.

அந்த 'நேரமிருந்தால்' என்னும் சொல்லில் என் கண் நின்றுவிட்டது. அதைத் தவறென்று அடித்துத் திருத்த எனக்கு உரிமை இல்லை. ஏனெனில், ஏறக்குறைய 40 ஆண்டுகளுக்கு முன் அதே சொல்லை நானே சொன்னவள். அன்று பேத்திக்கு உடனே விடை கூற இயலவில்லை. இக்கட்டுரையே அவளுக்கு நான் தரும் விடை. ஊர் பார்க்கச் செல்லும் ஒரு பகலில் கடைவீதிக்கு எவ்வளவு இடம் தருவது, எந்த இடத்தைத் தருவது என்பது பார்வைக்குச் சிறிய கேள்வி. ஆனால் ஒரு பகலைப் பங்கிடும்போது நாம் எதை மேலாக மதிக்கிறோம் என்பது வெளிப்பட்டுவிடுகிறது. ஆதலின் அது அறம் பற்றிய கேள்வியுமாகும்.

பொருள் வாங்குவது குற்றமா?

குற்றமன்று. இதை முதலிலேயே கூறிவிடுகிறேன். இல்லையெனில் முதியவள் ஒருத்தி ஆசைகளை எல்லாம் பழிக்க வந்துவிட்டாள் என்று இளையோர் ஏட்டை மூடிவிடுவர்.

இல்லறத்தார் துறவியர் அல்லர். ஆதிபகவனாகிய விருஷபதேவர் உலக மக்களுக்குக் கற்பித்த ஆறு தொழில்களுள் வாணிகமும் கைத்தொழிலும் அடங்கும் என்பது நம் மரபு. நெய்தலையும் விற்றலையும் அவரே கற்பித்தார் எனில், விற்பவரும் வாங்குபவரும் அறத்துக்குப் புறம்பானவராவது எங்ஙனம்?

எங்கள் ஊர்க்காரர்களுக்கு இதில் ஒரு தனி அறிவு உண்டு. மேல்மலையனூர் அங்காளம்மன் கோயிலுக்கு ஒவ்வோர் அமாவாசை இரவும் ஊஞ்சல் உற்சவம் காணப் பெருங்கூட்டம் வருகிறது. வழிபட்டுத் திரும்புவோர் வளையல், குங்குமம், பொரி, பிள்ளைகளுக்கு விளையாட்டுப் பொருள் என்று ஏதேனும் வாங்காமல் போவதில்லை. மற்ற ஊரார் கடைவீதியை வாங்குபவரின் பக்கத்திலிருந்து மட்டுமே பார்த்திருப்பர். நாங்கள் விற்பவரின் பக்கத்திலிருந்தும் பார்த்திருக்கிறோம். விடிய விடியத் தரையில் சாக்கு விரித்து அமர்ந்திருக்கும் வளையல்காரப் பெண்ணுக்கு அந்த ஓர் இரவின் விற்பனை பல நாள் அடுப்பெரியும் வழி. அவளிடம் எதையும் வாங்காமல் 'எனக்குப் பற்றில்லை' என்று பெருமிதத்துடன் நடந்து செல்வது பெரிய அறம் என்று நான் நினைக்கவில்லை.

காஞ்சிபுரத்து நெசவாளர் நிலையும் அதுவே. சேலையின் உடலும் கரையும் வெவ்வேறு நிறத்தில் அமையும்படி தனித்தனி நாடா கொண்டு நெய்து இணைக்கும் கோர்வை வேலைக்குத் தறியில் இன்னொரு கையும் துணை வேண்டும். நூல் பெரும்பாலும் கருநாடகத்திலிருந்து வருகிறது. ஜரிகை சூரத்திலிருந்து வருகிறது. கைத்திறன் மட்டும் காஞ்சிக்கே உரியது. 2005–06ஆம் ஆண்டில் காஞ்சிபுரம் பட்டுக்குப் புவிசார் குறியீடு வழங்கப்பட்டது அத்திறனுக்குக் கிடைத்த மதிப்பு. அதைக் காண விரும்புவதும் அதில் ஒன்றை வாங்க விரும்புவதும் மனித இயல்பு.

அவ்வாறாயின் குற்றம் எங்கே நேர்கிறது? என் கதையையே கூறுகிறேன்.

1986ஆம் ஆண்டுத் தை மாதம்

என் நாத்தனார் மகளுக்குத் திருமணம் நிச்சயமாகியிருந்தது. கூறைப்பட்டு எடுக்க வேண்டும்; அப்படியே காஞ்சியையும் சுற்றிப் பார்த்துவிடலாம் என்று வாடகை வண்டி ஒன்றில் பதினொரு பேர் புறப்பட்டோம். என் மாமியாரும் உடன் வந்தார். அவருக்கு அப்போது வயது எழுபதைக் கடந்திருந்தது. பட்டெடுப்பதற்காக அவர் வரவில்லை. ஜினகாஞ்சி என்று நாம் போற்றும் திருப்பருத்திக்குன்றத்து ஆலயத்தைப் பற்றி அவருடைய தந்தையார் திண்ணையில் அமர்ந்து சொல்லக் கேட்டவர். மேற்கூரை முழுதும் தீர்த்தங்கரர் வரலாறு எழுதியிருக்கிறது என்பதைச் சிறுமியாக இருந்தபோது கேட்டு, ஒருமுறையேனும் காண வேண்டும் என்று அறுபது ஆண்டுகள் எண்ணியிருந்தவர்.

"முதலில் கடையை முடித்துக்கொள்வோம், பிறகு கவலையின்றிக் கோயிலைப் பார்க்கலாம்" என்று சொன்னவள் நான். காலை பத்தரை மணிக்குக் கடைக்குள் நுழைந்தோம். கூறைப்பட்டு ஒரு மணி நேரத்தில் முடிந்துவிட்டது. ஆனால் விரித்த பாயில் அமர்ந்தவர்கள் எழவில்லை. ஒருவர் பார்த்ததை மற்றவர் பார்த்தனர். ஒன்றை மடிப்பதற்குள் மூன்று விரிந்தன. என் ஊதியத்திலிருந்து எனக்கென்று நான் ஒரு பட்டு வாங்கியதில்லை. அன்று வாங்கத் துணிந்தேன். கிளிப்பச்சை உடல், அரக்குக் கரை. ஒரு மாதச் சம்பளத்துக்கு மேல் விலை. அதனினும் நல்லது இருக்குமோ என்னும் ஐயத்தில் இன்னும் இருபது சேலைகளை விரிக்கச் சொன்னேன்.

மாமியார் தூணோரம் அமர்ந்திருந்தார். "கோயிலுக்கு நேரமாகவில்லையா அம்மா?" என்று இருமுறை கேட்டார். "கோயில் எங்கே போய்விடப் போகிறது அத்தை? இதோ, ஐந்து நிமிடம்" என்று இருமுறையும் நான் விடை கூறினேன். மூன்றாம் முறை அவர் கேட்கவில்லை. கட்டிக்கொண்டு போயிருந்த புளியஞ்சோற்றைக் கடையின் பின்கட்டில் முறைவைத்து உண்டோம். நான்கு மணிக்கு வெளியே வந்தால், வண்டியோட்டி தனக்குத் தெரிந்த வேறொரு கடையின் வாயிலில் கொண்டுபோய் நிறுத்தினார். அங்கும் இறங்கினோம்.

திருப்பருத்திக்குன்றம் நகரிலிருந்து சுமார் 3 கிலோமீட்டர் தொலைவில், வேகவதி ஆற்றங்கரையில் உள்ளது. நாங்கள் சென்று சேர்ந்தபோது மணி ஐந்தே முக்கால். தை மாதப் பொழுது விரைவில் சாய்ந்துகொண்டிருந்தது. திரைலோக்கியநாதரை விளக்கொளியில் வணங்கினோம். ஆனால் விளக்கொளி மண்டபத்தின் மேற்கூரைக்கு எட்டவில்லை. மாமியார் அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றார்.

"மேலே என்ன எழுதியிருக்கிறார்கள் அம்மா?"

நூல்களில் படித்ததை நான் சொன்னேன். விருஷபதேவரின் வரலாறு, வர்த்தமானரின் வரலாறு, நேமிநாதரின் வரலாறு, அவருக்கு உறவினரான கண்ணனின் வரலாறு. அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு இருட்டை நோக்கிக் கைகூப்பினார்.

வெளியே வந்தபோது கதிரவன் மறைந்துவிட்டிருந்தான். தூக்குப் பாத்திரத்தில் தயிர்ச்சோறு இருந்தது. "பொழுது போய்விட்டது, எனக்கு வேண்டாம். பிள்ளைகளுக்குக் கொடு" என்றார். இரவுண்ணாமையை இளமை முதல் வழுவாது காத்தவர். தண்ணீரும் அருந்தவில்லை. இரவு பத்து மணிக்கு மேல் வீடு சேர்ந்தோம். மறுநாள் கதிரவன் எழுந்து இரண்டு நாழிகை கழிந்த பின்னரே அவர் நாவில் நீர் பட்டது. இரண்டு ஆண்டுகளுக்குப் பின் அவர் காலமானார். அதற்கிடையில் காஞ்சிக்கு மீண்டும் செல்ல வாய்ப்பு நேரவில்லை. அதைப் பற்றி என்னிடம் ஒரு சொல்லும் அவர் குறைகூறியதில்லை. கூறியிருந்தால் ஒருவேளை நான் மறந்திருப்பேன்.

அந்தக் கிளிப்பச்சைப் பட்டு இன்னும் என் பெட்டியில் இருக்கிறது. ஐந்தாறு முறை உடுத்தியிருப்பேன். ஊரிலிருந்து கொண்டுவரும் பொருளை நினைவுப்பொருள் என்கிறோம். அச்சேலை எனக்குக் காஞ்சியை நினைவூட்டுவதில்லை. தூணோரம் அமர்ந்திருந்த ஒருவரை நினைவூட்டுகிறது.

தவறு எங்கே நேர்ந்தது?

கடைக்காரர் மீது எனக்குக் குறையில்லை. சேலையை விரித்துக் காட்டுவது அவர் தொழில். சேலை வாங்கியதும் தவறென்று நான் எண்ணவில்லை. தவறு வரிசையில் நேர்ந்தது. எல்லையுள்ளவற்றைப் பின்னுக்குத் தள்ளி, எல்லையற்றதை முன்னே வைத்தேன்.

எண்ணிப் பாருங்கள். காஞ்சிக் கோயில்களுள் பெரும்பாலானவை நண்பகலில் நடை சாத்தி, மாலை 4 மணியளவில் மீண்டும் திறக்கின்றன. மேற்கூரை ஓவியத்துக்குப் பகல் வெளிச்சம் வேண்டும். முதியவரின் உடலுக்கு ஓர் அளவு உண்டு. வாழ்நாளுக்கும் ஓர் அளவு உண்டு. இரவுண்ணாத குடும்பத்துக்குக் கதிரவனே கடைசி மணியடிப்பவன். இவை யாவும் எல்லையுடையவை, நமக்காகக் காத்திரா. கடையோ நண்பகலிலும் திறந்திருக்கும். விளக்கேற்றிய பின்னரும் திறந்திருக்கும். அதனினும் நல்லது வேண்டும் என்னும் விருப்பத்துக்கோ முடிவே இல்லை. எல்லையற்றதை முதலில் வைத்தால் அது எல்லையுள்ளதை விழுங்கிவிடும். எல்லையுள்ளதை முதலில் வைத்தால் இரண்டுக்கும் இடம் கிடைக்கும்.

'கோயில் எங்கே போய்விடப் போகிறது' என்றேன். கோயில் எங்கும் போகவில்லை. வெளிச்சம் போயிற்று, பார்க்க வேண்டியவர் போனார்.

இன்னுமொன்று. பட்டு காஞ்சியில் மட்டுமா கிடைக்கிறது? ஆரணி நமக்கு அண்மையிலேயே உள்ள நெசவூர். இக்காலத்தில் கைப்பேசியைத் தொட்டால் சேலை வீட்டு வாயிலுக்கே வருகிறது. ஆனால் விசயநகரத் தண்டநாயகனாகிய இருகப்பன், தன் ஆசான் புட்பசேன முனிவரின் சொற்படி 1387–88ஆம் ஆண்டில் எடுப்பித்த சங்கீத மண்டபம் வேறெங்கும் இல்லை. அதன் மேற்கூரை ஓவியங்களையும், அவற்றோடு எழுதப்பட்ட விளக்க வரிகளையும், ஆலயத்தின் பழைய குரா மரத்தையும் எவரும் பொட்டலம் கட்டி அனுப்ப இயலாது. ஓர் ஊருக்குச் செல்லும்போது அங்கு மட்டுமே காணக்கூடியது எது என்று கேட்டு, அதற்கு நாளின் முதற்பகுதியைக் கொடுப்பதே முறை.

பட்டும் பருத்தியும்

எதை வாங்குவது என்னும் கேள்வி நமக்கு மற்றவர்களைவிடச் சற்றுக் கடினமானது. கொல்லாமையை முதல் விரதமாகக் கொண்டவர்கள் நாம்.

பட்டு எவ்வாறு உண்டாகிறது என்பதை வகுப்பறையில் பலமுறை கற்பித்திருக்கிறேன். முசுக்கட்டை இலை உண்டு வளர்ந்த புழு, வாயிலிருந்து நூல் விட்டுத் தன்னைச் சுற்றிக் கூடு கட்டிக்கொள்கிறது. விட்டுவிட்டால் சில நாட்களில் அந்துப்பூச்சியாகிக் கூட்டைத் துளைத்து வெளியே வரும். துளைத்தால் நீண்ட இழை அறுந்துபோகும். ஆகவே வெளிவருமுன் கூட்டை நீராவியிலோ வெப்பக் காற்றிலோ இட்டு உள்ளிருக்கும் உயிரைப் போக்கி, பின் வெந்நீரிலிட்டு நூலெடுக்கின்றனர். ஒரு கிலோ கச்சாப் பட்டுக்குப் பல ஆயிரம் கூடுகள் வேண்டும். ஒரு கனத்த சேலைக்கு எத்தனை உயிர் என்பதை மாணவர்கள் கணக்கிட்டுச் சொல்வர். கணக்கு முடிந்ததும் நான் அடுத்த பாடத்துக்குச் சென்றுவிடுவேன். மாலையில் பட்டுடுத்தித் திருமணத்துக்கும் செல்வேன்.

இவ்வினா நமக்கு மட்டும் எழுந்ததன்று. காஞ்சி சங்கர மடத்தின் சந்திரசேகரேந்திர சரசுவதி சுவாமிகள், புழுக்களைக் கொன்று பெறும் பட்டை விலக்குமாறு தம் அடியார்களுக்கு அறிவுறுத்தியவர். பட்டுக்குப் பேர்போன ஊரிலிருந்தே அக்குரல் எழுந்தது என்பது நாம் கருதத்தக்கது. ஆந்திரக் கைத்தறித் துறையில் பணியாற்றிய குசுமா ராஜய்யா என்பவர், பூச்சி வெளியேறிய பின் எஞ்சும் கூட்டிலிருந்து நூல் நூற்று நெய்யும் முறைக்கு முயன்று 2006இல் காப்புரிமை பெற்றார். அது அகிம்சைப் பட்டு எனப்படுகிறது. அதன் விலை கூடுதல், மினுமினுப்புக் குறைவு, வெளிவந்த பூச்சிகளின் கதி என்ன என்று கேட்போரும் உளர்.

நம் இல்லத் திருமணங்களில் பட்டு வழக்கமாகிவிட்டது. 'பட்டுக்குத் தீட்டில்லை' என்று பூசைக்கும் அதையே உடுத்துகிறோம். ஒரே கட்டுரையில் இவ்வழக்கத்தை மாற்றிவிட முடியும் என்று நான் நினைக்கவில்லை. பெட்டியில் பட்டை வைத்துக்கொண்டு பிறருக்கு உபதேசிக்கும் தகுதியும் எனக்கில்லை. ஒன்று மட்டும் வேண்டுகிறேன். பட்டா, பருத்தியா என்னும் முடிவைக் கடையின் பாயில் அமர்ந்து எடுக்காதீர்கள். அங்கே நிறமும் விலையும் மட்டுமே கண்ணுக்குத் தெரியும். கூட்டுக்குள் இருந்த உயிர் தெரியாது. வீட்டில், அமைதியான ஒரு வேளையில், குடும்பத்தோடு பேசி முடிவு செய்யுங்கள். எந்த முடிவாயினும் அது தெரிந்து எடுத்த முடிவாக இருக்கட்டும்.

நேமிநாதரின் வரலாறு நாம் அனைவரும் அறிந்ததே. மணமகனாகத் தேரேறிச் சென்றவர், விருந்துக்காக அடைத்து வைக்கப்பட்டிருந்த விலங்குகளின் அழுகுரல் கேட்டுத் தேரைத் திருப்பினார். அவர் கேட்ட குரல் வெளியே ஒலித்த குரல். புழுவுக்கோ குரல் இல்லை. அவ்வரலாறு எழுதப்பட்ட கூரையின் கீழ், புதுப்பட்டைப் பையில் சுமந்தபடி நான் நின்றேன். இருட்டில் எனக்கு எதுவும் தெரியவில்லை.

பட்டின் பெயரால் உலகறிந்த நகரின் அருகே நம் ஆலயம் அமைந்த ஊருக்குப் பெயர் பருத்திக்குன்றம். பெயரிலேயே பருத்தி இருக்கிறது. காஞ்சியில் பருத்திச் சேலைகளும் நெய்கிறார்கள், விற்கிறார்கள் என்பதைப் பட்டின் பளபளப்பில் பலர் கவனிப்பதில்லை. அவற்றை வாங்கினாலும் ஒரு நெசவாளர் வீட்டில் அடுப்பெரியும்.

விரதம் என்பது எல்லை

இல்லறத்தாருக்கு நம் ஆன்றோர் வகுத்த விரதங்கள் உலகைத் துறக்கச் சொல்பவை அல்ல. எல்லை கட்டிக்கொள்ளச் சொல்பவை. காஞ்சியோடு தொடர்புடையவர் என்று மரபு கூறும் சமந்தபத்திர ஆசாரியர் இயற்றிய இரத்தினகரண்டக சிராவகாசாரமும், அதன் வழியில் தமிழில் எழுந்த அருங்கலச்செப்பும் அவற்றை விரித்துரைக்கின்றன. அவற்றுள் மூன்று, ஒருநாட் பயணத்துக்கென்றே சொன்னவை போல எனக்குத் தோன்றுகின்றன.

முதலாவது தேசாவகாசிகம். இன்ன இடம் வரை, இன்ன காலம் வரை என்று நாமே வரையறை செய்துகொள்வது. வீடு, தெரு, ஊர், வயல், ஆறு என்று இடத்துக்கும், ஆண்டு, மாதம், பக்கம் என்று காலத்துக்கும் எல்லை சொன்னார் ஆசாரியர். 'இன்று இந்த ஒரு தெரு, இந்த மூன்று மணி நேரம்' என்று கடைவீதிக்கு எல்லை கட்டுவதும் அவ்வழியில் ஒரு சிறு பயிற்சியே.

இரண்டாவது போகோபபோக பரிமாணம். நுகர்பொருளுக்கு அளவு வைத்தல். யார் யாருக்கு, என்னென்ன, எவ்வளவுக்குள் என்று புறப்படுமுன் எழுதிவிட வேண்டும். அக்காலத்தில் சுருக்குப்பையில் இருந்த பணமே அளவாக இருந்தது; பை காலியானால் கால் தானே திரும்பும். இன்று கைப்பேசியைக் காட்டிப் பணம் செலுத்துகிறோம். கையிலிருந்து எதுவும் குறைவதாகத் தோன்றுவதில்லை. ஆதலின் தாளில் எழுதிய அளவு முன்னினும் இன்றியமையாததாகிவிட்டது.

மூன்றாவது அனர்த்ததண்ட விரதம். பயனின்றித் தீங்கு விளைப்பதைத் தவிர்த்தல். வாங்கும் எண்ணமின்றி நூறு சேலைகளை விரிக்கச் செய்து, ஒரு பணியாளைக் காலைமுதல் மாலைவரை நிற்க வைப்பதும் பயனற்ற தீங்கே. வழியில் கண்ட பொம்மையை எல்லாம் வாங்கி ஒரு மாதத்தில் குப்பையில் எறிவதும் அவ்வாறே. மின்விளக்கு மின்னும் பெரிய கடையில் ஒட்டிய விலையை வாய்பேசாது கொடுத்துவிட்டு, கோயில் வாயிலில் ஓலை விசிறி விற்கும் மூதாட்டியிடம் ஐந்து ரூபாய்க்கு வழக்காடுவதையும் இதனுடன் சேர்க்கலாம். பேரம் பேசும் ஆற்றலை எளியவரிடம் மட்டும் காட்டுவது ஆற்றலாகுமா?

ஒரு மறுப்பு

இவற்றை எல்லாம் வீட்டில் சொன்னபோது என் மருமகள் ஒரு மறுப்பைச் சொன்னாள். அதை மறைப்பது நேர்மையாகாது.

"அத்தை, ஆண்கள் வேலைக்கென்றும் வாணிகத்துக்கென்றும் வாரந்தோறும் வெளியூர் போகிறார்கள். எங்களில் பலருக்கு ஆண்டில் இந்த ஒருநாள்தான். தமக்கென்று நிறம் பார்த்து, விலை பார்த்துத் தாமே தெரிவு செய்யும் மகிழ்ச்சி வேறெங்கே கிடைக்கிறது? அதையும் கணக்குப் போட்டுக் குறைக்க வேண்டுமா?"

அவள் சொன்னது மெய். 1986இல் அந்தக் கிளிப்பச்சைப் பட்டைக் கையில் வாங்கியபோது எனக்கு உண்டான மகிழ்ச்சி பொய்யன்று. பிறந்த வீட்டார் எடுத்த சேலையையும் புகுந்த வீட்டார் எடுத்த சேலையையும் உடுத்தி வந்தவளுக்கு, தன் உழைப்பில் தானே தெரிந்தெடுத்த முதற்பட்டு எவ்வளவு பெரிது என்பதை அவ்விதம் வாங்கிய பெண்களே அறிவர். அம்மகிழ்ச்சியை நான் இகழேன். ஆனால் ஒருத்தியின் மகிழ்ச்சிக்கு இன்னொருத்தி, அதுவும் கேட்க நாணி வாய்மூடி இருப்பவர், விலை கொடுக்கக் கூடாது. எங்கள் வண்டியில் பதினொரு பேர் இருந்தோம். பத்துப் பேரின் விருப்பம் நிறைவேறியது. குழுவாகச் செல்லும்போது உரக்கக் கேட்பவரின் விருப்பமே திட்டமாகிவிடுகிறது. புறப்படுமுன் மெல்லப் பேசுபவரையும் அழைத்து, 'நீங்கள் எதைக் காண வருகிறீர்கள்?' என்று கேட்பதற்கு ஒரு நிமிடமே ஆகும்.

ஆதலின் மருமகளுக்கு நான் கூறிய விடை இது: கடையின் நேரத்தைக் குறைக்க வேண்டாம், இடம் மாற்றுவோம். கோயில்கள் நடை சாத்தியிருக்கும் நண்பகல் வேளையைக் கடைக்கே முழுதும் கொடுப்போம். அந்நேரத்தில் எவரும் எவரையும் விரைவுபடுத்த வேண்டியதில்லை. 'கோயிலுக்கு நேரமாயிற்றே' என்னும் உறுத்தலும் இராது.

புதிய தாள்

பேத்தியும் நானும் அமர்ந்து திட்டத்தைத் திருத்தி எழுதினோம். விடியுமுன் புறப்பாடு, சேத்துப்பட்டு, வந்தவாசி வழி. காலை வெளிச்சத்தில் முதலில் திருப்பருத்திக்குன்றம். திரைலோக்கியநாதர் ஆலயமும், அடுத்துச் சந்திரபிரபர் ஆலயமும். அதன்பின் நகரில் பல்லவர் காலக் கைலாசநாதர் கோயிலின் சிற்பங்கள். நண்பகலில் உணவு. பிறகு மூன்று மணி நேரம் கடைவீதி. கடைக்கு வர விரும்பாத முதியோருக்குச் சாய்ந்து இளைப்பாற ஓர் இடம் முன்னரே பேசி வைக்க வேண்டும். எந்தக் கடை என்பதை வண்டியோட்டி அல்ல, நாமே முடிவு செய்ய வேண்டும். கதிரவன் சாயுமுன் அனைவரும் உண்டு முடித்துப் புறப்பட வேண்டும். வாங்கும் பொருள்களின் பட்டியல் தனித்தாளில்.

எழுதி முடித்ததும் பேத்தி கேட்டாள்: "பட்டியலில் உங்களுக்கு என்ன எழுதட்டும் பாட்டி?"

பொருள் ஒன்றும் வேண்டாம் என்றேன். வெளியூர் சென்று வருபவரைப் பார்த்ததும் 'என்ன வாங்கி வந்தாய்?' என்று கேட்பது நம் வழக்கம். அவ்வழக்கமே பாதிச் சுமையை ஏற்றுகிறது. வெறுங்கையோடு வீடு திரும்ப நாணிப் பலர் வேண்டாததை வாங்குகின்றனர். இனி நம் வீடுகளில் 'என்ன கண்டு வந்தாய்?' என்று முதலில் கேட்கப் பழகுவோம். கேட்பவர் மாறினால் கொண்டுவருபவரும் மாறுவர்.

"நீங்களே வாருங்களேன், மேற்கூரையில் எழுதியிருப்பதை எங்களுக்கு யார் சொல்வார்கள்?" என்றாள். முழங்கால் வலியைக் காரணம் காட்டலாம் என்று ஒருகணம் நினைத்தேன். பிறகு என் பெயரையும் எழுதிக்கொள்ளச் சொன்னேன். அன்று படித்ததை இருட்டில் நின்று சொன்னேன். இம்முறை வெளிச்சத்தில் பார்த்துச் சொல்ல வேண்டும். கேட்க வேண்டியவர் இல்லை. அவர் வழிவந்த பிள்ளைகளேனும் கேட்கட்டும்.

அறம் வளர்க!